“படைவீரர் யாரும்மா, உங்க வீட்டுக்காரரா?” – பணி முடித்து வந்த பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினான்கு வருஷம் ராணுவத்தில் குறுகியகால அதிகாரியாக (ஷார்ட் சர்வீஸ் கமிஷன், அதாவது நிரந்தரமில்லாத ஒப்பந்தப் பணி) இருந்துவிட்டு வெளியே வந்தவள் நான். அடையாள அட்டை வாங்க ஒரு மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதன்முறை போனேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். கையில் கொடுத்த படிவத்தில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்கள்: ‘படைவீரர் பெயர்’, ‘மனைவி பெயர்’. எழுத்தர் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, “சார் வரலையாம்மா?” என்று கேட்டார். “நான்தாங்க படைவீரர்” என்றேன். பாவம், அவர் முகம் சிவந்துவிட்டது. படிவத்தைத் திரும்ப வாங்கி, நீலப் பேனாவால் ‘மனைவி’யை அடித்து, மேலே பொடி எழுத்தில் ‘கணவர்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மேசைக்கு வரும் பெண்களில் கிட்டத்தட்ட எல்லோரும் படைவீரரின் மனைவியாகவோ விதவையாகவோதான் இருப்பார்கள். அதற்குப் பிறகு தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். இந்திய முப்படைகளைப் பற்றியது. இடையிடையே தமிழ்நாட்டு நடைமுறையும் வரும்.

பெண்ணை ‘எக்ஸ்-சர்வீஸ்மேன்’ என்று சொல்ல முடியுமா?

சட்டப்படி முடியும். மத்திய அரசுப் பணிகளில் முன்னாள் படைவீரர்களை நியமிப்பதற்கான 1979 விதிகள்தான் இதற்கு அடிப்படை. தலைப்பில் ‘மேன்’ இருந்தாலும், விளக்கம் ‘ஒரு நபர்’ என்றுதான் தொடங்குகிறது. ஆண் என்று எங்கேயும் இல்லை. இந்த விஷயத்தில் நம் ‘படைவீரர்’ ஆங்கிலத்தைவிடக் கெட்டிக்காரச் சொல். கடைசி ‘ர்’ இருவருக்கும் பொது.

நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைத்தான் அந்த விதி பார்க்கிறது. ஓய்வூதியத்தோடு ஓய்வுபெற்றவர்கள், பணியால் வந்த உடல்நலக் குறைவால் விடுவிக்கப்பட்டவர்கள், ஒப்பந்த காலத்தை முழுமையாக முடித்துப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வாங்கியவர்கள் இந்த வரையறைக்குள் வருவார்கள். பத்து அல்லது பதினான்கு வருஷம் முடித்த குறுகியகால அதிகாரிகள் மூன்றாவது வகை. ஆக, பென்ஷன் இல்லாவிட்டாலும் நீங்கள் முன்னாள் படைவீரர்தான். இது தெரியாமல் அட்டையே வாங்காமல் இருப்பவர்கள் நிறைய.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் ஒப்பந்த காலம் முடியுமுன் நானே விலகிவிட்டேன். எனக்கு அந்தத் தகுதி உண்டா?

பொதுவாக இல்லை. ஒப்பந்தம் முடியுமுன் சொந்த வேண்டுகோளின் பேரில் விலகியவர்களை விதி சேர்ப்பதில்லை. பெண்களை இது கூடுதலாக அடிக்கிறது என்பது என் கருத்து. கணவருக்கு ஒரு ஊர், மனைவிக்கு ஒரு ஊர் என்று மாற்றல் வந்தால் பேப்பர் போடுவது யார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இருந்தாலும் விடுவிப்பு ஆணையை எடுத்து ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ‘சொந்த வேண்டுகோள்’ என்று இருக்கிறதா, ‘பணிக்காலம் முடிந்தது’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். தான் விலகியதாகவே நினைத்துக்கொண்டிருந்த ஒருவரின் ஆணையில், நீட்டிப்பை வேண்டாம் என்று சொன்னதுதான் பதிவாகியிருந்தது. முதல் பத்து வருஷத்தை அவர் முழுதாக முடித்திருந்தார். இரண்டும் ஒன்றல்ல.

பதினான்கு வருஷம் வேலை பார்த்தும் பென்ஷன் ஏன் இல்லை?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். கோபத்தோடு வரும் கேள்வியும் இதுதான்.

அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க இருபது வருஷப் பணி வேண்டும். அதிகாரி தரத்துக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பதினைந்து வருஷம். மருத்துவர், செவிலியர் அல்லாத பெண்களை ராணுவம் அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது 1992இல். முதல் அணியில் 25 பேர். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடித்து 1993 மார்ச்சில் பதவியேற்றார்கள். அப்போது கொடுத்தது ஐந்து வருஷம். பிறகு பத்து, அப்புறம் பதினான்கு. இருபதைத் தொட வழியே இல்லை. அதே அகாடமியில் குறுகியகாலப் பணிக்குச் சேர்ந்த ஆண் நிரந்தரப் பணிக்கு மாற வாய்ப்பிருந்தது, பெண்ணுக்கு இல்லை. 2008இல் சட்டப்பிரிவு, கல்விப்பிரிவு இரண்டில் மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள்.

மீதியெல்லாம் நீதிமன்றத்தில் நடந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் 2010இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. பத்து வருஷம் கழித்து 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கடற்படைக்கு அதற்கு அடுத்த மாதம். பிறகும் சிக்கல் தீரவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம், ஆண்கள் ஐந்தாவது அல்லது பத்தாவது வருஷத்தில் காட்டிய உடல்தகுதியைக் கேட்டார்கள். 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகப் பாகுபாடு என்றே சொன்னது. 2022 நவம்பரில், வழக்காடி முடிப்பதற்குள் ஓய்வுபெற்றுவிட்ட 32 விமானப்படைப் பெண் அதிகாரிகளுக்கு, அவர்கள் இருபது வருஷம் முடித்ததாகக் கருதி ஓய்வூதியத்துக்குப் பரிசீலிக்கச் சொன்னது.

இதனால் உங்களுக்கு என்ன? தீர்ப்பு வந்தபோது பணியில் இருந்தவர்கள், வழக்கில் இருந்தவர்கள் பலன் பெற்றார்கள். 2000களின் தொடக்கத்திலேயே பத்து வருஷம் முடித்துவிட்டு, வழக்கு எதுவும் போடாமல் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இவை தாமாக எதையும் கொண்டுவரவில்லை. நான் சந்தித்தவர்களில் மிகவும் மனம் நொந்திருப்பது அவர்கள்தான். கதவை உடைத்தது அவர்கள் அணி, உள்ளே போனது அடுத்த அணி.

பென்ஷன் இல்லை, சரி. வெளியே வரும்போது கைக்கு என்னதான் வரும்?

பணிக்கொடை, சேர்த்து வைத்த விடுப்புக்குப் பணம் (அதிகபட்சம் 300 நாள்), வருங்கால வைப்பு நிதி, குழுக் காப்பீட்டு நிதியின் முதிர்வுத் தொகை. மொத்தமாக வருவதால் பெரிதாகத் தெரியும். முப்பத்தெட்டு வயதில் வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் இருக்கும்போது அது எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை வந்தவர்கள் சொல்வார்கள்.

ஈசிஎச்எஸ் மருத்துவ வசதி எனக்கு உண்டா?

ஈசிஎச்எஸ் என்பது முன்னாள் படைவீரர்களுக்கான பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. வெகுகாலம் ஓய்வூதியதாரர்களுக்கு மட்டுமே இருந்தது. 2019 மார்ச்சில் மத்திய அமைச்சரவை குறுகியகால அதிகாரிகளையும் உள்ளே கொண்டுவர ஒப்புதல் கொடுத்தது. ஒரு முறை பணம் கட்டினால் ஆயுளுக்கும் போதும். 2019க்கு முன் கேட்டுப் பார்த்து “கிடையாது” என்ற பதிலோடு திரும்பியவர்கள் மறுபடியும் கேளுங்கள்.

நடைமுறை எளிது. அருகில் உள்ள பாலிகிளினிக்கில் (ஈசிஎச்எஸ் நடத்தும் மருத்துவ மையம்) காட்டி, பரிந்துரைச் சீட்டு வாங்கி, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் போவது. அவசரம் என்றால் நேராகப் போகலாம்; பாலிகிளினிக்குக்கு உடனே தகவல் கொடுத்துவிட வேண்டும். ஆனால் மகப்பேறு மருத்துவர் எல்லா பாலிகிளினிக்கிலும் எல்லா நாளும் இருப்பார் என்று நினைத்துப் போகாதீர்கள். முதலில் போன் செய்து கேளுங்கள்.

நான் ராணுவ செவிலியராக இருந்தேன். எங்களைப் படைவீரர் என்றே ஒத்துக்கொள்வதில்லையே?

நியாயமான குமுறல். இந்தியப் படைகளில் பெண்களின் தொடர்ச்சியான வரலாறே செவிலியர்களிடமிருந்துதான் வருகிறது. 1888இல் பத்து செவிலியர்கள் பம்பாயில் வந்து இறங்கினார்கள். 1926இல் இந்திய ராணுவ செவிலியர் பணி தனிப் படைப்பிரிவானது. தோளில் நட்சத்திரம், கையில் அதிகாரி அடையாள அட்டை. ஆனால் வேலை ஒதுக்கீடு என்று வரும்போது “நீங்கள் துணைப் பணி” என்ற பதில்.

பஞ்சாபில் ஒரு முன்னாள் செவிலிய அதிகாரிக்கு இப்படி ஒதுக்கீடு மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ராணுவ செவிலியர்களும் அந்த மாநில விதியின்படி முன்னாள் படைவீரர்களே என்றது. தீர்ப்பு பஞ்சாப் விதியைப் பற்றியது என்றாலும், வேறு மாநிலத்தில் மறுத்தால் மனுவோடு இணைக்கத் தகுந்த ஆவணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருமணம் செய்துகொண்டதைக் காரணம் காட்டிச் செவிலியர்களை வீட்டுக்கு அனுப்பும் ஓர் உத்தரவு 1977 முதல் 1995 வரை நடைமுறையில் இருந்தது. 1988இல் அப்படி அனுப்பப்பட்ட ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்யாணப் பத்திரிகைக்கும் தீர்ப்புக்கும் நடுவே முப்பத்தாறு வருஷம்.

வேலையில் ஒதுக்கீடு எவ்வளவு?

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் உதவி கமாண்டன்ட் பதவியிலும் 10 சதவீதம். தமிழ்நாட்டில் குரூப் சி பணிகளுக்கு 5 சதவீதம். குரூப் ஏ, பி பணிகளில் பொதுவாக ஒதுக்கீடு இல்லை; வயது வரம்பில் தளர்வு உண்டு. ஐந்து வருஷம் பணியாற்றிய குறுகியகால அதிகாரிக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்து வருஷத் தளர்வு கிடைக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை அதோடு தீர்ந்தது. சேர்வதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அந்தப் பட்டியலை வேலையில் சேர்ந்தவுடன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவற்றுக்கு மட்டும் சலுகை நீடிக்கும்.

தனியார் வேலைக்குப் போக நினைத்தால், மறுவாழ்வுப் பொது இயக்குநரகம் ஐஐஎம் போன்ற இடங்களில் நடத்தும் 24 வார மேலாண்மைப் படிப்பு இருக்கிறது. சீருடையைக் கழற்றும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

என் பெயர் ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

ஆண்களுக்கு அவ்வளவாக வராத தொல்லை இது. தமிழ்ப் பெண்களுக்கு இரட்டிப்பு, காரணம் நம் இனிஷியல்.

ஓர் உதாரணம் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ‘சு. கவிதா’. படையில் சேரும்போது இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள்; ‘கவிதா சுப்பிரமணியன்’ ஆகிறார். அங்கே எல்லோரும் அவரை ‘சுப்பிரமணியன்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், அது வேறு கதை. கல்யாணம் ஆனதும் ஆதாரில் ‘கவிதா ராஜேஷ்’. வங்கியில் ‘ரா. கவிதா’. பதினான்கு வருஷம் கழித்து ஈசிஎச்எஸ் இணையதளத்தில் இந்த நான்கு கவிதாக்களும் ஒரே ஆள் என்று நிரூபிக்க வேண்டும்.

பணியில் இருக்கும்போதே சரிசெய்வதுதான் சுலபம். திருமணம், குழந்தை பிறப்பு, பெயர் மாற்றம், விவாகரத்து எதுவானாலும் யூனிட்டில் சொல்லி ‘பார்ட் டூ ஆர்டர்’ (சொந்த விவர மாற்றங்களைப் படை ஆவணத்தில் பதியும் ஆணை) வெளியிட வைக்க வேண்டும். அதில் வராத கல்யாணம் ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்காத கல்யாணம். வெளியே வந்துவிட்டீர்கள் என்றால், ஆதாரையும் வங்கியையும் படை ஆவணத்தில் உள்ள பெயருக்கு மாற்றுங்கள். எதிர்த்திசையில் போனால் ஆவண அலுவலகம், பிரமாணப் பத்திரம், அரசிதழ் அறிவிப்பு என்று இழுத்துக்கொண்டே போகும்.

விடுவிக்கும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் முதுகுவலியைப் பெரிதாகச் சொல்லவில்லை. இப்போது மோசமாகிவிட்டது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கலாமா?

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று பழிப்பதில் பயனில்லை. எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். “லேடி ஆபீசர் எப்பப் பார்த்தாலும் சிக் ரிப்போர்ட்” என்ற பேச்சுக்குப் பயந்து வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் நாம்.

குறைபாடு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும். பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று நிற்க வேண்டும். சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னால் வந்ததைப் பணியோடு தொடர்புடையதாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2023இல் தகுதி விதிகள் மாறிவிட்டன என்பதால், நீங்கள் வெளியே வந்த தேதிக்கு எந்த விதி என்று முதலில் பாருங்கள். சதவீதத்தை மேல்நோக்கிக் கணக்கிடும் முறையும் உண்டு: தகுதி பெற்ற குறைபாடு 50க்குக் கீழே இருந்தால் 50 என்றும், அதற்கு மேல் 75, 100 என்றும் எடுத்துக்கொள்வார்கள்.

மறுத்தால் மேல்முறையீடு, அதிலும் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். சென்னையில் கிளை இருக்கிறது. இறுதி ஆணை வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்கலாம். சிகிச்சைச் சீட்டுகளைக் கிழித்துப் போடாதீர்கள், மங்கிப்போனவற்றை நகல் எடுத்து வையுங்கள்.

நானும் படையில் இருந்தேன், கணவரும் இருந்து இறந்துவிட்டார். இரண்டு ஓய்வூதியமும் வாங்கலாமா?

வாங்கலாம். உங்கள் பணிக்கு உங்கள் ஓய்வூதியம், அவர் பணிக்குக் குடும்ப ஓய்வூதியம். ஒன்று மற்றதை விழுங்காது. இரண்டும் ஸ்பர்ஷ் என்ற படையினர் ஓய்வூதிய இணையதளத்தில் தனித்தனியாக இருக்கும். வருஷந்தோறும் வாழ்நாள் சான்றும் இரண்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.

பணியில் இறந்த வீரர்களின் மனைவியருக்குப் பரங்கிமலை அகாடமியில் தனி நுழைவும் உண்டு. 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். அந்த வழியாக வந்தவர்கள் இரண்டு தகுதியும் சேர்ந்தவர்கள்.

என் மகள் அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறாள். நாலு வருஷம் கழித்து அவளும் முன்னாள் படைவீரரா?

நான்கு வருஷத்தில் வெளியே வரும் அக்னிவீருக்கு அந்தத் தகுதி இல்லை என்பதே 2022இல் திட்டம் வந்தபோது வைத்த நிபந்தனை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடையாது. சேவா நிதி என்ற பெயரில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் கிடைக்கும். 25 சதவீதம் பேர் வரை தொடரலாம். தொடர்பவர்களுக்கு வழக்கமான விதிகள். மகளிடம் சொல்லுங்கள்: அந்த நான்கு வருஷத்தில் ஒரு பட்டமோ டிப்ளமாவோ முடித்துவிட வேண்டும்.

எங்கள் பாட்டி மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஜான்சி ராணிப் படைக்குப் போனவர். அவருக்கு ஏதாவது உண்டா?

இந்தக் கேள்வி வந்தால் நான் மற்ற வேலையை நிறுத்திவிடுவேன். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் 1943இல் கேப்டன் லட்சுமி தலைமையில் அமைந்த படைப்பிரிவு அது. அதில் சேர்ந்தவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைப் பார்த்தே இராதவர்கள்கூட இருந்தார்கள்.

அவர்கள் வருவது விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத்தில்; முன்னாள் படைவீரர் நலத் திட்டங்களில் அல்ல. மத்திய அரசு 1972இல் தொடங்கிய திட்டம் அது. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும். பெண்களுக்கு மூன்று மாதம் போதும். சிறை ஆவணமோ உடன் இருந்தவர்களின் சான்றோ கேட்பார்கள். அவர் காலத்துக்குப் பிறகு கணவருக்கும் மணமாகாத மகள்களுக்கும் போகும், பேரப்பிள்ளைகளுக்கு வராது. பணம் வராவிட்டாலும் பாட்டியின் போட்டோ, பயிற்சி அட்டை, கடிதம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

இரவில் தூக்கம் இல்லை. யாரிடம் பேசுவது?

14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். படையினருக்கென்று தனிப் பிரிவு 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கியது. ஈசிஎச்எஸ் இருந்தால் மனநல மருத்துவரிடம் பரிந்துரை கேட்கலாம். பணியில் இருந்தபோது பாலியல் தொல்லை நடந்திருந்தால், அன்று புகார் கொடுக்கவில்லை என்பது இன்று சிகிச்சை கேட்பதற்குத் தடையே இல்லை.

விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் ‘வீரரின் துணைவியார்’ வரிசையில் உட்கார வைக்கிறார்கள்!

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953இல் அதே தேதியில் பணி ஓய்வு பெற்ற, ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பாவை ஒட்டி வைத்தது. இங்கே பொங்கல் சமயம் என்பதால் கூட்டம் குறைவாக இருக்கும், பேச நேரம் கிடைக்கும். டிசம்பர் 7 கொடி நாள்.

பதக்கங்களை அணிந்து போங்கள். தான் வாங்கிய பதக்கம் இடது மார்பில், உறவினரின் பதக்கம் வலது மார்பில் என்பது மரபு. புடவை மேல் இடது பக்கம் பதக்க வரிசையைப் பார்த்தால் பழைய சுபேதார்கள் யாரும் சொல்லாமலேயே எழுந்து சல்யூட் வைப்பார்கள். தலைப்பு அந்தப் பக்கம்தான் வரும். மடித்துப் பின் குத்தி, அதன் மேல் பட்டை தொங்காமல் இருக்க உள்ளே கெட்டித் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பதக்கத்தின் எடையில் என் பட்டுப்புடவை ஒன்று கிழிந்திருக்கிறது.

எல்லாம் சரி, முதலில் எங்கே போகட்டும்?

உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. விடுவிப்பு ஆணை அல்லது டிஸ்சார்ஜ் புக், ஓய்வூதியம் இருந்தால் பிபிஓ (ஓய்வூதிய ஆணை), ஆதார், பான், வங்கிப் புத்தகம், கணவர் குழந்தைகள் பெயர் வந்த பார்ட் டூ ஆர்டர், ஆறு போட்டோ. அசல் ஒரு பையில், நகல் இரண்டு செட் வேறு பையில். வேலை நடக்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடத்துகிறார்கள்; தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் முதல் வரியிலேயே ‘நான் முன்னாள் படைவீரர்’ என்று எழுதி, பணி எண்ணையும் தரத்தையும் அதன் கீழேயே போட்டுவிடுங்கள்.